உண்ணிப் புதரும் அளவு நாடாவும்

உண்ணிச்செடியின் தண்டு உருண்டையாக இராது. நான்கு விளிம்பு கொண்டது. விளிம்பு நெடுகப் பின்பக்கமாக வளைந்த சிறு முட்கள். உள்ளே நுழையும்போது வழி விடும், திரும்பும்போதுதான் சட்டையைப் பிடிக்கும். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு காரநெடி. பூங்கொத்தில் ஓரத்துப் பூக்கள் முதலில் மலர்ந்து இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருக்கும். நடுவில் புதிதாக விரிந்தவை மஞ்சளாக இருக்கும். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிது, பச்சையிலிருந்து கருநீலத்துக்குப் பழுக்கும். தாவரவியல் பெயர் லன்டானா கமாரா. மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இதன் தாயகம். ஐரோப்பியர் இதை அழகுக்காகக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்தார்கள், ஒன்றோடொன்று கலந்து புதுப்புது வண்ணங்களை உண்டாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த செடி, அங்கிருந்து பங்களாத் தோட்டங்களுக்கும் தோட்ட வேலிகளுக்கும் போய், வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலி வாழும் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதாவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில், இது பரவியிருப்பதாகக் கணக்கிட்டது.

வெளியிலிருந்து வந்த செடியெல்லாம் ஆக்கிரமிப்புச் செடி ஆகிவிடாது. மிளகாய், தக்காளி, பப்பாளி, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். அவை வயலிலும் கொல்லையிலும் மனிதன் பார்த்துக்கொண்டால் வளர்கின்றன, காட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. தானாகப் பரவி, ஏற்கெனவே அங்கே இருந்த செடிகொடிகளின் இடத்தையும் வெளிச்சத்தையும் நீரையும் எடுத்துக்கொண்டு, அவற்றை நம்பியிருக்கும் உயிர்களின் வாழ்வையே மாற்றிவிடுவதுதான் ஆக்கிரமிப்பு இனம். ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் எல்டன் 1958இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்தத் துறைக்கு அடித்தளம் அந்த நூல்தான். பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதரால் இடம்பெயர்ந்து புதிய இடங்களில் நிலைத்துவிட்ட இனங்கள் 37,000க்கும் மேல். அவற்றில் கேடு செய்பவை என்று அறியப்பட்டவை 3,500க்கும் மேல். பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்று எது, அது என்ன செய்கிறது, ஏன் இங்கே செய்கிறது என்று கண்டறிவதுதான் ஆய்வாளரின் வேலை.

உண்ணிச்செடி அந்த வகையில் முதல் வரிசையில் நிற்பதற்குக் காரணங்கள் அதன் உடலிலேயே உள்ளன. நல்ல வெயிலும் ஈரமும் கிடைத்தால் ஆண்டில் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். ஒரு செடி ஓராண்டில் பன்னிரண்டாயிரம் பழங்கள் வரை காய்க்கும். சின்னான் குருவிகள் பழத்தைத் தின்று விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. கரடியும் விரும்பித் தின்னும். இலையில் உள்ள லன்டாடீன் என்ற நஞ்சு கால்நடையின் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும் நிலைக்குக் கொண்டுவிடும். அதனால் மாடும் மானும் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. கிளை தரையைத் தொட்டால் அங்கேயே வேர் பிடிக்கும். வெட்டினால் அடியிலிருந்து நாலு தளிராகத் துளிர்க்கும். எரித்தாலும் துளிர்க்கும். அடர்நிழலும் கடும் உறைபனியுமே அதற்கு ஒவ்வாதவை. சோலைக்காட்டின் உள்ளே அது அதிகம் தென்படாமல், சாலையோரத்திலும் திறந்த காட்டிலும் மண்டிக் கிடப்பது அதனால்தான்.

இதெல்லாம் இன்று கண்டுபிடித்த சிக்கலும் இல்லை. 1916இலேயே டயர்மன் என்ற வன அதிகாரி, குடகுக் காடுகளில் உண்ணிச்செடி பரவியதைப் பற்றி ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதினார். 1921இல் ஹவாயிலிருந்து ஒரு சிறு ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். பழத்தைக் குடைந்து விதையைக் கெடுக்கும் ஈ அது. நிலைத்தது, ஆனால் செடியின் பரவலைத் தடுக்க அதனால் முடியவில்லை. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வலைச்சிறகுப் பூச்சி டேராடூனுக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தபோது அது தேக்கின் பூவிலும் பெருகும் என்று தெரிந்ததால், வளர்த்த பூச்சிகளை எல்லாம் அழித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே பூச்சி கூடத்துக்கு வெளியே செடிகளில் இருந்தது. எப்படியோ ஒன்றிரண்டு தப்பியிருக்கின்றன. தேக்குக்குப் பெருங்கேடு எதுவும் நேரவில்லை என்பது ஆறுதல், உண்ணிச்செடிக்கும் நேரவில்லை. ஒரு வேற்று உயிரைக் கட்டுப்படுத்த இன்னொரு வேற்று உயிரை இறக்கும் முன் ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும் என்று துறையினர் பிடிவாதமாக இருப்பதற்கு இதுபோன்ற அனுபவங்களே காரணம்.

இச்செடியைப் படிக்க முதுமலையைப் போன்ற இடம் அரிது. நீலகிரியின் வடக்குச் சரிவில், பந்திப்பூருக்கும் வயநாட்டுக்கும் அடுத்து இருக்கிறது. கிழக்கே மசினகுடி, சீகூர் பக்கம் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு, முட்காடு. மேற்கே போகப் போக மழை கூடி, தேக்கும் வெண்தேக்கும் கருமருதும் நிற்கும் இலையுதிர்காடு. சில பத்துக் கிலோமீட்டருக்குள் மழை, மண், மரம், விலங்கு எல்லாம் மாறிவிடுவதால், எந்தச் சூழலில் செடி எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. உள்ளே இருப்பது யானை, காட்டுமாடு, புலி, கரடி. ஆகவே இங்கே ஆய்வு என்பது ஓர் ஆள் வேலை அல்ல.

காலை வெளிச்சம் வந்ததும் குழு கிளம்பும். முன்னால் நடப்பவர் வாச்சர். பெரும்பாலும் குறும்பரோ இருளரோ காட்டுநாயக்கரோ. அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. உண்ணிக்காட்டில் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது. வாச்சருக்கு முதலில் வாடை தெரியும், பிறகு வயிற்று உறுமல், அதன் பிறகுதான் உருவம். கையை இடுப்பளவில் தாழ்த்தி விரித்தால் “பின்னால் போ” என்று பொருள். வந்த தடத்திலேயே, பேசாமல், ஓடாமல் திரும்ப வேண்டும். ஓர் ஆய்வறிக்கையின் நன்றியுரையில் கடைசி வரியில் வரும் அந்தப் பெயர்கள்தான் பல ஆய்வாளர்கள் உயிரோடு வீடு திரும்பியதற்குக் காரணம். அவர்கள் பெயர் முதல் வரியில் வர வேண்டும்.

வறண்ட மாதங்களில் இன்னொரு தொல்லை, இரத்தம் குடிக்கும் உண்ணிகளின் குஞ்சுகள். கடுகில் கால்பங்குகூட இராது. ஒரு புல் நுனியில் நூற்றுக்கணக்கில் தொங்கும். உரசினால் அத்தனையும் ஏறும். கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்வதும், மாலையில் துணியை வெந்நீரில் போடுவதும் புதியவர் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம். உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல் இக்காடுகளின் பகுதிகளில் பதிவாகியிருப்பதால், காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

வேலையின் அடிப்படை அலகு ‘பிளாட்’. காட்டில் அளந்து குறித்த ஒரு கட்டம் அது. எங்கே போடுவது என்பதை ஆய்வாளர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நிலப்படத்தின் மேல் சமசதுரக் கட்டங்களை வரைந்து, எழுந்தமானமாகப் புள்ளிகளை எடுத்து, ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு, அந்தப் புள்ளிக்கே போக வேண்டும். தொழிலின் முதல் சோதனை இங்கேதான். புள்ளி இருப்பது பாதையிலிருந்து எண்பது மீட்டர் உள்ளே, தலைக்கு மேல் வளர்ந்த உண்ணிப் புதருக்கு நடுவே. பாதையோரத்தில் புல் படர்ந்த நல்ல இடம் இருக்கிறது, “இங்கேயே போட்டுவிடலாம், என்ன வித்தியாசம்?” என்று மனம் சொல்லும். வித்தியாசம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. போக எளிதான இடத்தில் மட்டும் அளந்தால், காடு முழுவதும் போக எளிதாக இருப்பதாகவே கணக்கு வரும். உண்ணிச்செடி குறைவு என்று அறிக்கை எழுதப்படும். அதனால் முட்டிபோட்டுத் தவழ்ந்தாவது புள்ளிக்குப் போவார்கள். பன்றி போன குடைவு வழி இருந்தால் அது பாக்கியம். வழிக்காக அரிவாளை வீசினாலும் கட்டத்துக்குள் ஒரு கிளையையும் வெட்டக் கூடாது. அளக்க வந்த பொருளையே மாற்றிவிட்டு அளப்பதில் பயனில்லை.

நாலு மூலையிலும் இரும்புக் கழி அடித்து நைலான் கயிறு கட்டுவார்கள். சரிவான தரையில் நாடா தரையோடு கிடக்காமல் மட்டமாகப் பிடிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் சுருங்கிவிடும். பிறகு கணக்கு: எத்தனை உண்ணிப் புதர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை தண்டு, எவ்வளவு உயரம், தரையில் எவ்வளவு பங்கை மூடியிருக்கிறது. அதோடு நாட்டு மரங்களின் கன்றுகள், புல், சருகின் ஆழம், மேலே மரக்கூரை எவ்வளவு திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார்கள். மழையில் மை கரைந்து ஒரு மாத உழைப்பு நீலக் கறையாகிவிடும். பென்சில் எழுத்து நிற்கும். தாளின் தலைப்பில் தேதியும் நேரமும் அளந்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

அளந்தவர் பெயர் ஏன் என்றால், மூடியிருக்கும் பங்கைக் கண்ணால்தான் மதிப்பிடுகிறார்கள். ஒரே கட்டத்தைப் பார்த்து ஒருவர் நாற்பது விழுக்காடு என்பார், அடுத்தவர் எழுபது என்பார். காலையில் தெம்பாக இருக்கும்போது ஒரு கணக்கும், மதியம் இரண்டு மணிக்கு முள்கீறலோடு உட்கார்ந்திருக்கும்போது வேறு கணக்கும் வரும். பருவம் தொடங்கும் முன் குழுவில் உள்ள எல்லோரும் ஒரே பத்துக் கட்டங்களைத் தனித்தனியே மதிப்பிட்டு, ஒப்பிட்டு, கண்ணை ஒரே அளவுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு பருவம் முழுவதும் அளந்த தாள்களைக் கடைசியில் மூட்டையாகக் கட்டி வைத்த குழுக்கள் உண்டு. பாதிக் கட்டங்களை ஒருவரும் மீதியை இன்னொருவரும் அளந்திருப்பார்கள். காட்டின் வேறுபாடு எது, ஆள் வேறுபாடு எது என்று பிரிக்கவே முடியாது. மூன்று மாத உழைப்பும், வாச்சர்களின் கூலியும், பலமுறை பட்ட ஆபத்தும் வீண். அந்த வலியை ஒருமுறை பட்டவர் அதன்பின் பத்துக் கட்டப் பயிற்சியை ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

விலங்குகளை எண்ணுவது இன்னும் நுட்பமானது. நேர்கோட்டுப் பாதை ஒன்றை வெட்டி, காலையில் மெதுவாக நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு மான் கூட்டத்தின் எண்ணிக்கை, தூரம், கோணம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். உண்ணி மண்டிய பகுதியில் இரண்டு கிலோமீட்டர் நடந்து ஒரே ஒரு கடமானைப் பார்த்தோம், புல்வெளிப் பகுதியில் ஆறு கூட்டம் பார்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். உண்ணிக்காட்டை விலங்குகள் ஒதுக்கிவிட்டன என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் உண்ணிக்காட்டில் பார்வை எட்டும் தூரமே பதினைந்து மீட்டர். நாற்பது மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் கடமான் காதில் விழும், கண்ணில் படாது, தாளில் ஏறாது. விலங்கு இல்லாமல் போனதா, கண்ணுக்கு மறைந்துபோனதா? இரண்டும் வேறு வேறு. தூரம் கூடக் கூடப் பார்க்கும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்பதை ஒவ்வொரு வகைக் காட்டுக்கும் தனித்தனியே கணக்கிட்டு எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். அதோடு தானியங்கிக் கேமராவும், சாணம், புழுக்கைக் கணக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறையை நம்பி விலங்கின் இருப்பைத் தீர்மானிப்பது இந்தப் புதர்க்காட்டில் ஆபத்தானது.

புல்லைப் பற்றிய முடிவு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. உண்ணி அடர்ந்த இடத்தில் புல் குறைகிறது. யானைக்கும் காட்டுமாட்டுக்கும் புள்ளிமானுக்கும் புல் முக்கிய உணவு. உண்ணிப் புதரை விலக்கிப் பார்த்தால் அடியில் வெறும் மண்ணும் சருகும்தான் இருக்கும். பக்கத்திலேயே வெயில் விழும் சிறு இடைவெளியில் புல் முழங்கால் உயரம் நிற்கும். ஒரு கட்டத்துக்குள் பத்து அடி தூரத்தில் இந்த இரண்டையும் பார்த்தவருக்கு, காட்டின் மேய்ச்சல் எப்படிச் சுருங்குகிறது என்பதை விளக்க வேறு படம் தேவைப்படாது.

எந்தக் கேடு நேர்ந்தாலும் பழியை உண்ணிச்செடி மேல் போடுவதும் தவறு. இதைக் கற்றுக்கொடுத்தது முதுமலையில் உள்ள நிரந்தர ஆய்வுப் பரப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ராமன் சுகுமார் வழிகாட்டுதலில், 1988இல் இதைத் தொடங்கியது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், மொத்தம் ஐம்பது ஹெக்டேர். பனாமா நாட்டில் பாரோ கொலராடோ தீவில் 1980இல் அமைத்த ஐம்பது ஹெக்டேர்ப் பரப்பு இதற்கு முன்னோடி. முதுமலைப் பரப்பில் மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், ஒரு சென்டிமீட்டர் தடிமன் எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு கட்டப்பட்டது. முதல் கணக்கிலேயே 25,000க்கும் மேற்பட்ட மரங்கள். ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று எழுதுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றின் சுற்றளவையும் திரும்ப அளக்கிறார்கள். யானை தகட்டோடு பட்டையை உரித்துவிடும், தீ தகட்டை உருக்கிவிடும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்த மரத்தைத் தேடிப்பிடித்து அதே எண்ணை மறுபடி கட்டுவார்கள்.

அந்தப் பரப்பில் கைடியா என்ற சிறுமரம் ஆண்டுக்கு ஆண்டு சரசரவென்று குறைந்தது. தனியாக ஒரு முறை போய்ப் பார்த்தவர், சுற்றிலும் உண்ணி இருப்பதைக் கண்டு, அதுதான் காரணம் என்று எழுதியிருப்பார். ஒவ்வொரு மரத்தின் சாவையும் ஆண்டுதோறும் குறித்துவைத்ததால் உண்மைக் காரணம் தெரிந்தது: யானைகள் அந்த மரத்தை ஒடித்தும் உரித்தும் தின்றதுதான். அதே பரப்பில் உண்ணிச்செடி எந்தக் கட்டத்தில் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று 1990 முதல் பதிவு இருப்பதால், அது எங்கிருந்து எங்கே நகர்ந்தது, தீயும் மழையும் அதை எப்படிப் பாதித்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேட்க முடிந்தது. முதல் தகட்டைக் கட்டியபோது இந்தக் கேள்வி யார் மனதிலும் முழுதாக இருந்திருக்காது. ஆனாலும் பதில் அங்கே சேர்ந்துகொண்டிருந்தது.

சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலை இன்னொரு பாடம். 1997இல் அங்கே மலை முழுவதும் பரவலாகக் கட்டங்கள் அளக்கப்பட்டன. 2008இல் அதே கட்டங்களுக்குத் திரும்பப் போனார்கள். முதல் கணக்கில் நூற்றுக்கு 41 கட்டங்களில் இருந்த உண்ணிச்செடி, பதினோரு ஆண்டில் 81 கட்டங்களில் இருந்தது. எண்ணிய தண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உண்ணித்தண்டு. இரண்டு முறையும் கட்டம் ஒன்றே என்பதால்தான் இந்த எண்ணை நம்ப முடிகிறது.

ஏன் பரவியது என்ற கேள்விக்கு அங்கே வாழும் சோலிகர் பழங்குடி முதியவர்கள் தெளிவான விடை வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்தில், சருகு காய ஆரம்பிக்கும்போதே, தரையோடு போகும் சிறு தீ வைப்பார்கள். அதற்குத் ‘தரகு பெங்கி’, சருகுத்தீ என்று பெயர். அது உண்ணியின் இளங்கன்றைப் பொசுக்கும், பெரிய மரத்தை ஒன்றும் செய்யாது. நெல்லி மரத்தில் படரும் புல்லுருவியையும் கட்டுக்குள் வைத்திருக்கும். காடு சரணாலயம் ஆனதும் தீ வைப்பது குற்றமானது. சருகு சேர்ந்தது, உண்ணி முதிர்ந்தது. இப்போது தீ பிடித்தால் அது தரைத்தீயாக இருப்பதில்லை. உண்ணியை ஏணியாக்கிக்கொண்டு மரக்கூரைக்கு ஏறுகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்து வாதமும் உண்டு: தீ காட்டைத் திறந்துவிடுகிறது, திறந்த இடத்தில் உண்ணி நுழைகிறது, காய்ந்த உண்ணி அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது, இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கிறது என்பது. இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்குவதில்லை. எந்த மாதத்துத் தீ, எவ்வளவு உயரத் தீ, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சோலிகர் சொன்னதை ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு இதழ்களில் வெளியிட்ட ஆய்வாளர்கள் நல்ல காரியம் செய்தார்கள். காட்டைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்களின் சொல்லை ‘நம்பிக்கை’ என்று ஒதுக்கிவிட்டு மூன்று ஆண்டு முனைவர் பட்டக் கணக்கை மட்டும் ‘தரவு’ என்று கொண்டாடுவது அறிவியலுக்கே நட்டம்.

அகற்றும் முறையிலும் அளந்து பார்த்தவர்களுக்கே வழி கிடைத்தது. தண்டை வெட்டினால் துளிர்க்கும். இயந்திரத்தால் பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, மண்ணில் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு, கார்பெட் புலிகள் காப்பகத்தில் வேறு வழியைக் காட்டினார். செடி எந்த இடத்திலிருந்து துளிர்க்கிறது என்று முதலில் பார்த்தார்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அந்தக் கழுத்துக்குக் கீழே, மண்மட்டத்துக்குச் சில அங்குலம் அடியில், மண்வெட்டியால் முதன்மை வேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் காயவிட வேண்டும். மண் அதிகம் கிளறப்படாது, வேர் மண்ணைத் தொடாது, துளிர்க்க வழியில்லை. பழம் பழுக்கும் முன் செய்தால் விதையும் விழாது. நாலு பேர் கைக்கருவியோடு செய்யக்கூடிய வேலை, பெரிய இயந்திரம் தேவையில்லை.

ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதே நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை. வெட்டிய அடுத்த மழையில் மண்ணில் உறங்கிய விதைகள் முளைக்கும். பக்கத்துப் புதரிலிருந்து சின்னான் புதிய விதைகளைக் கொண்டுவரும். கையால் பிடுங்கக்கூடிய அந்தக் கன்றுகளை அந்த மழையிலும் அடுத்தடுத்த மழைகளிலும் போய்ப் பிடுங்க வேண்டும். நாட்டுப் புல் விதைக்க வேண்டியிருந்தால் விதைக்க வேண்டும். வெறும் தரையாக விட்டால் உண்ணி இல்லாவிட்டால் பார்த்தீனியமோ வேறொன்றோ வரும். முதுமலையிலும் வயநாட்டிலும் வேகமாகப் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரம் இதற்குச் சாட்சி. அழகுக்கும் நிழலுக்கும் நட்ட மஞ்சள் பூ மரம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். தமிழ்நாட்டில் அம்மரத்தை வெட்டி அரசின் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு நடந்தது. வெட்டிய மரம் பயன்பட்டது நல்லதே. அடிக்கட்டைக்கு என்ன ஆனது என்பதை அடுத்த மழைக்குப் பின் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அகற்றியதால் பயன் உண்டா என்று அறிய ஆய்வாளர் நான்கு அளவுகளை வைத்துக்கொள்கிறார்: வெட்டப்போகும் இடம், வெட்டாமல் விடும் இடம், இரண்டிலும் வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு, வெட்டிய பின் ஒரு கணக்கு. இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போனாலும் முடிவு சரிந்துவிடும். நல்ல மழை பெய்த ஆண்டில் வெட்டிய இடத்தில் புல் பெருகியிருக்கும். வெட்டாத இடத்திலும் பெருகியிருக்கும். பின்னதை அளக்காதவர், மழை செய்த வேலையைத் தன் மண்வெட்டியின் கணக்கில் எழுதிவிடுவார். காட்டுத்துறை அலுவலர்களும் ஒப்பந்ததாரர்களும் அவசரமாக வேலை தொடங்குகையில், “வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள், அளந்துகொள்கிறோம்” என்று கெஞ்சுவது ஆய்வாளரின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

வெட்டிய உண்ணிக்கு ஒரு பயனும் கண்டிருக்கிறார்கள். மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் பிரம்புக்குப் பதிலாக உண்ணித்தண்டில் நாற்காலியும் கூடையும் முடைகிறார்கள். தண்டை வேகவைத்துப் பட்டை உரித்துவிட்டால் வளைக்க இணங்கும். கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித்தண்டால் முழு உருவ யானைகளைச் செய்கிறார்கள். உண்மை யானைகளைப் பார்த்தே வடிவமைத்தவை அவை. 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, பின்னர் அமெரிக்காவுக்கும் போயின. கூலியாகவும் பெருமையாகவும் அந்த மக்களுக்குத் திரும்பக் கிடைப்பது பெரிய செய்தி. ஆனால் கைவினைக்கு எடுக்கும் தண்டின் அளவு, 1,54,000 சதுர கிலோமீட்டரில் ஒரு பொட்டு. இதையே தீர்வாகச் சொல்வது அந்த உழைப்பாளிகளின் தோளில் அவர்கள் சுமக்க முடியாத பாரத்தை ஏற்றுவதாகும்.

தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் சேர்த்துச் சொன்னது அதன் சிறப்பு. களத்தில் நிற்பவர்கள் கேட்பது அதற்கு மேல் இரண்டே விஷயம். ஒன்று, ஒரு ஹெக்டேரை வெட்ட ஒதுக்கும் பணத்தோடு, அதே ஹெக்டேரில் அடுத்த ஐந்து மழைக்காலங்கள் கன்று பிடுங்கவும் பணத்தை அன்றே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் கூலி அந்தக் காட்டிலேயே வாழும் குறும்பருக்கும் இருளருக்கும் காட்டுநாயக்கருக்கும் போக வேண்டும். இரண்டு, வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் சில கட்டங்களுக்கு நிரந்தரக் கழி அடித்து, வெட்டாத கட்டங்களோடு சேர்த்து ஆண்டுதோறும் அளந்து, அந்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கழிக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவு, ஒரு நாள் இயந்திர வாடகைகூட ஆகாது.